சின்சினாட்டி எப்படிப்பட்ட ஊர்? ஆற்றிலிருந்து ஆரம்பிக்கிறேன்

நியூஜெர்சியிலிருந்து வேலை மாற்றலாகிக் குடும்பத்தோடு சின்சினாட்டிக்கு வரப்போகிறீர்கள். ஊர் எப்படி, போரடிக்குமா, ஆற்றங்கரை என்கிறார்களே வெள்ளம் கிள்ளம் வருமா, வீடு எந்தப் பக்கம் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். நான் இங்கே வந்த முதல் மூன்று வருடம் புறநகர் வீடு, ஆபீஸ், காஸ்ட்கோ என்றே சுற்றிக்கொண்டிருந்தேன், ஊரையே பார்க்கவில்லை. யாராவது கேட்டால் "பரவாயில்லை, அமைதியான ஊர்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது தப்பு. ஆற்றைப் பார்க்காமல் இந்த ஊரைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

நீங்கள் விமானத்தில் வந்தால் முதல் குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிடும். சின்சினாட்டி ஓஹையோ மாநிலத்து ஊர், ஆனால் அதன் விமான நிலையம் கென்டக்கி மாநிலத்தில் இருக்கிறது. டிக்கெட்டில் சிவிஜி என்று போட்டிருக்கும். அது ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள கவிங்டன் என்ற ஊரின் பெயரிலிருந்து வந்த எழுத்துகள். அங்கிருந்து காரில் வடக்கே வரும்போது நெடுஞ்சாலை ஒரு குன்றை வெட்டிக்கொண்டு சரிவாக இறங்கும். வளைவு திரும்பியதும் அதுவரை எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியாத முழு ஊரும், கீழே ஆறும், ஆற்றின் மேல் வரிசையாகப் பாலங்களும் ஒரே நேரத்தில் கண்ணெதிரே வந்து நிற்கும். இத்தனை வருடம் கழித்தும் அந்த வளைவில் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். இரவில் வந்தால் இன்னும் நல்லது.

ஓஹையோ ஆறு பிட்ஸ்பர்க்கில் தொடங்கி 981 மைல் ஓடி மிசிசிப்பியில் கலக்கிறது. சின்சினாட்டி கிட்டத்தட்ட அதன் பாதி வழியில் இருக்கிறது. தெற்கிலிருந்து லிக்கிங் என்ற சின்ன ஆறு வந்து சேரும் இடத்துக்கு நேர் எதிரே 1788-இல் இந்தக் குடியிருப்பு தொடங்கியது. முதலில் வைத்த பெயர் லொசாண்டிவில். லிக்கிங்கின் முதல் எழுத்து, 'வாய்' என்பதற்கு லத்தீன் சொல், 'எதிரே' என்பதற்குக் கிரேக்கச் சொல், கடைசியில் 'ஊர்' என்பதற்குப் பிரெஞ்சுச் சொல், எல்லாவற்றையும் ஒட்டுப்போட்டு ஒரு பள்ளிக்கூட வாத்தியார் செய்த பெயர் அது. 1790-இல் வந்த ஆளுநர் ஆர்தர் செயின்ட் கிளேருக்கு அது பிடிக்கவில்லை, புரட்சிப் போர் அதிகாரிகளின் சங்கத்துப் பெயரான சின்சினாட்டியைச் சூட்டிவிட்டார். நல்ல காரியம் செய்தார்.

இந்த ஆற்றில் ஒரு வேடிக்கையான விஷயம் உண்டு. இரண்டு மாநிலங்களுக்கு நடுவே ஆறு ஓடினால் நட்டாற்றில்தான் எல்லை இருக்கும் என்று நினைப்போம். இங்கே ஆறு பெரும்பாலும் கென்டக்கிக்குச் சொந்தம். வர்ஜீனியா ஆற்றுக்கு வடக்கே இருந்த நிலத்தை மட்டும் நாட்டுக்கு விட்டுக்கொடுத்தது, ஆற்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டது, அதிலிருந்து 1792-இல் பிரிந்த கென்டக்கிக்கு ஆறு போய்ச் சேர்ந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1980-இல் வந்த தீர்ப்பு, 1792-இல் வடகரையில் நீர் குறைந்திருந்தபோது இருந்த கோடுதான் எல்லை என்றது. 2004-இல் இங்குள்ள பேஸ்பால் மைதானத்தில் ஆடம் டன் அடித்த பந்து 535 அடி பறந்து, வெளியே சாலையில் விழுந்து எகிறி, ஆற்றில் கிடந்த ஒரு கட்டையில் போய் நின்றது. அதனால் ஓஹையோவில் அடித்த பந்து கென்டக்கியில் போய் விழுந்தது என்று உள்ளூர்க்காரர்கள் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆனால் இந்தக் கோடு எல்லாக் காலத்திலும் சிரிப்பாக இருக்கவில்லை. தென்கரை அடிமை மாநிலம், வடகரை சுதந்திர மாநிலம். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று நாம் கிண்டலாகச் சொல்வோம். கென்டக்கிக் கரையில் நின்ற அடிமைகளுக்கு அக்கரை உயிர் பிழைக்கும் வழி. 1856 ஜனவரியில் ஆறு உறைந்துபோயிருந்தது. மார்கரெட் கார்னர் என்ற பெண் குடும்பத்தோடு அந்தப் பனிக்கட்டி மேல் நடந்தே இந்தப் பக்கம் வந்தார். துரத்தி வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்துகொண்டபோது, மறுபடி அடிமையாகப் போக விடமாட்டேன் என்று தன் இரண்டு வயது மகளைத் தன் கையாலேயே கொன்றார். சட்டம் அவரைத் திருப்பியே அனுப்பியது. வடகரையும் அப்படி ஒன்றும் சொர்க்கமாக இருக்கவில்லை, 1829, 1836, 1841 என்று மூன்று முறை இந்த ஊரில் கறுப்பர்களுக்கு எதிராகப் பெரிய கலவரங்கள் நடந்தன. ஆற்றங்கரையில் 2004-இல் திறந்த சுதந்திர மையம் என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. உள்ளே கென்டக்கியிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த, விற்பனைக்கு அனுப்பும் முன் அடிமைகளை அடைத்து வைத்த மரக்கொட்டடி ஒன்றை அப்படியே நிறுத்தியிருக்கிறார்கள். குழந்தைகள் கொஞ்சம் வளர்ந்ததும் கூட்டிப்போங்கள். வெளியே வந்தால் எதிரே அதே ஆறுதான். அரை மைல் அகலம்கூட இருக்காது.

சரி, ஊர் எப்படிப் பெரிதானது? நீராவிப் படகுகளால். முதல் நீராவிப் படகு 1811-இல் இந்த வழியாகப் போனது. சுற்றுவட்டாரத்து விவசாயிகள் சோளம் போட்டுப் பன்றி வளர்த்து, குளிர்காலத்தில் ஊருக்குள் ஓட்டி வந்தார்கள். குளிர்சாதனம் இல்லாத காலம் என்பதால் குளிரில்தான் வெட்டி உப்புப் போட முடியும். தெருவெல்லாம் பன்றி நடந்த அந்தக் காலத்தில் ஊருக்கு வந்த பட்டப்பெயர் போர்க்கோபொலிஸ், அதாவது பன்றிக்கறிப் பட்டணம். இன்றைக்கும் அதில் வெட்கமே படமாட்டார்கள்: ஆற்றங்கரைப் பூங்காவில் இறக்கை வைத்த பன்றிச் சிலைகள் நிற்கின்றன, வருடா வருடம் நடக்கும் மாரத்தானுக்குப் பறக்கும் பன்றி என்றே பெயர்.

பன்றி என்றால் கொழுப்பு, கொழுப்பு என்றால் மெழுகுவத்தியும் சோப்பும். இங்கிலாந்திலிருந்து வந்த மெழுகுவத்திக்காரர் வில்லியம் புரொக்டரும், அயர்லாந்திலிருந்து வந்த சோப்புக்காரர் ஜேம்ஸ் கேம்பிளும் அக்கா தங்கையைக் கல்யாணம் செய்துகொண்டவர்கள், நம் பாஷையில் சகலைகள். ரெண்டு பேரும் ஒரே மூலப்பொருளுக்கு ஏன் போட்டி போடுகிறீர்கள், சேர்ந்து செய்யுங்களேன் என்று மாமனார் சொல்ல, 1837-இல் கூட்டுக் கடை போட்டார்கள், அதுதான் புரொக்டர் அண்ட் கேம்பிள். நீங்கள் துவைக்கும் டைடும் ஏரியலும் அந்தக் கடையின் சரக்குதான். தலைமையகம் இன்றும் இங்கேதான். குரோகர் மளிகைக் கடையும் 1883-இல் இங்கே ஆரம்பித்தது. ஃபிஃப்த் தேர்ட் என்று ஐந்து, மூன்று என்று பெயர் வைத்த வங்கியைப் பார்த்தால் குழம்ப வேண்டாம், ஐந்தாம் வங்கியும் மூன்றாம் வங்கியும் 1908-இல் ஒன்று சேர்ந்தது, அவ்வளவுதான்.

1850-இல் அமெரிக்காவின் ஆறாவது பெரிய நகரம் சின்சினாட்டி. 115,435 பேர். அப்போது சிகாகோவில் 30 ஆயிரம் பேர்கூட இல்லை. அப்புறம் ரயில் வந்தது. ரயிலுக்கு ஆறு எதற்கு? இருபதே வருடத்தில் சிகாகோ மூன்று லட்சத்தை நெருங்கியது, இவர்கள் இரண்டு லட்சத்துச் சொச்சத்தில் நின்றார்கள், பன்றி வியாபாரமும் கைமாறியது. படகையே நம்பியிருந்தவர்கள் விழித்துக்கொண்டு ஒரு விசித்திரமான காரியம் செய்தார்கள். நகராட்சி தனியார் கம்பெனியில் பங்கு போடக் கூடாது என்று மாநில அரசியல் சட்டம் தடுத்ததால், நகராட்சியே சொந்தமாகத் தெற்கே டென்னசி மாநிலத்துச் சட்டனூகா வரை 337 மைல் ரயில் பாதை போட்டது. 1880-இல் முடித்தார்கள். மாநில எல்லை தாண்டிப் போகும் ரயில் பாதையைச் சொந்தமாக வைத்திருந்த ஒரே அமெரிக்க நகரம் இது. 140 வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விட்டுச் சம்பாதித்துவிட்டு, 2023-இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, அடுத்த வருடம் நார்ஃபோக் சதர்ன் கம்பெனிக்கு 160 கோடி டாலருக்கு விற்றார்கள். நான் வேண்டாம் என்ற கட்சி. வாடகை வரும் வீட்டை விற்பது எனக்குப் பிடிக்காது.

சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் நின்றுபோன ஊர் என்பதில் ஒரு லாபம் இருக்கிறது. பழைய கட்டடங்களை இடித்துவிட்டு மாடி மேல் மாடி கட்டும் அவசரம் பல இடங்களில் வரவில்லை. நகர மையத்துக்கு வடக்கே ஓவர் தி ரைன் என்ற பேட்டை அப்படித் தப்பியதுதான். ஜெர்மானியர்கள் குவிந்திருந்த இடம். நடுவே ஓடிய கால்வாயைக் கிண்டலாக ரைன் நதி என்பார்கள், அதைத் தாண்டினால் ஓவர் தி ரைன். செங்கல் கட்டடங்கள், உயரமான குறுகிய ஜன்னல்கள், அடியில் பீர் ஊறவைத்த பாதாள அறைகள். முதல் உலகப் போரில் ஜெர்மன் வெறுப்பு கிளம்பியதும் 1918-இல் தெருப் பெயர்களை மாற்றினார்கள், பிரெமன் தெரு ரிபப்ளிக் தெரு ஆனது. இப்போது அந்தத் தெருமுனையில் பழைய பெயரையும், எந்த வெறியில் அது மாற்றப்பட்டது என்பதையும் சேர்த்தே பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அடுத்து மதுவிலக்கு வந்து பீர் ஆலைகளை மூடியது. பேட்டை ஏழ்மையில் விழுந்தது. 2001 ஏப்ரலில் ஆயுதம் இல்லாத 19 வயதுக் கறுப்பு இளைஞரைப் போலீஸ்காரர் ஒருவர் சுட்டுக் கொன்றதும் பெரிய கலவரம் இங்கேதான் வெடித்தது. இன்று அதே தெருக்களில் ஐந்து டாலர் காபி. வாடகை கட்ட முடியாமல் வெளியேறியவர்களைப் பற்றிப் பேசாமல் அந்தக் காபியைப் பாராட்ட எனக்கு மனசு வருவதில்லை, ஆனால் சனிக்கிழமை காலை ஃபின்ட்லே மார்க்கெட்டுக்கு நானும் போகிறேன். 1850-களிலிருந்து நடக்கும் சந்தை, காய்கறி நன்றாக இருக்கும்.

அந்தக் கால்வாய் என்ன ஆனது என்றால், தண்ணீரை வடித்துவிட்டு அதன் படுகையிலேயே 1920-இல் சுரங்க ரயில் தோண்ட ஆரம்பித்தார்கள். 1916-இல் ஒப்புக்கொண்ட பணம், போர் முடிந்து விலைவாசி ஏறியதில் போதவில்லை. சுமார் இரண்டு மைல் சுரங்கம், உள்ளே நடைமேடைகளோடு அப்படியே நின்றுபோனது, ஒரு ரயில்கூட ஓடவில்லை. மேலே சென்ட்ரல் பார்க்வே என்று சாலை போட்டு மூடிவிட்டார்கள். பின்னால் அதற்குள் பெரிய தண்ணீர்க் குழாயைப் போட்டார்கள், அதுவரை லாபம். இதனால் உங்களுக்கு என்ன? கார் இல்லாமல் இங்கே காலம் தள்ள முடியாது. நகர மையத்தில் 2016 முதல் ஒரு டிராம் வளையம் சுற்றுகிறது, டிக்கெட் கிடையாது, ஆனால் 3.6 மைல்தான். நியூஜெர்சி ரயிலை நினைத்துக்கொண்டு வராதீர்கள்.

இப்போது வெள்ளம். வரும். ஆனால் நீங்கள் பயப்படுகிற மாதிரி இல்லை. ஆற்றின் மட்டம் சாதாரணமாக 26 அடியிலிருந்து 30 அடி வரை இருக்கும், 52 அடியைத் தொட்டால் வெள்ளம் என்று அறிவிப்பார்கள். 1937 ஜனவரியில் ஏறியது 79.99 அடி. கிட்டத்தட்ட 80. குடிநீர் பம்புகள் மூழ்கின, மின்சாரம் போனது, பெட்ரோல் டேங்குகள் மிதந்து உடைந்து தண்ணீர் மேல் தீப்பிடித்தது, பேஸ்பால் மைதானத்தின் வேலிக்கு மேலே ஆட்டக்காரர்கள் படகு ஓட்டினார்கள். சமீப காலத்தில் பெரியது 1997-இல், 64.7 அடி. 2018-இல் 60 அடியைத் தாண்டியபோது நானே குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். பூங்காவின் கீழ்ப்படிகளைக் காணவில்லை, பழுப்பு நிறத்தில் மரக்கட்டைகளும் யாருடைய தோட்டத்து நாற்காலியோ ஒன்றும் சுழன்றுகொண்டு போயின. பூங்காவையே தண்ணீர் வந்துபோகட்டும் என்றுதான் கட்டியிருக்கிறார்கள், வடிந்ததும் வண்டலைக் கழுவிவிட்டுத் திறந்துவிடுவார்கள். ஊரில் பெரும்பாலான வீடுகள் குன்றுகளின் மேல். கரையை ஒட்டிய கலிஃபோர்னியா, ஈஸ்ட் எண்ட் போன்ற பேட்டைகளில் வாங்கினால் மட்டும் வெள்ள வரைபடத்தைப் பாருங்கள். குன்றுச் சரிவில் வாங்கினால் மண்சரிவைப் பற்றிக் கேளுங்கள், இந்த ஊர்க் களிமண் மழைக்குப் பிறகு நழுவும். யாரும் தானாக இதைச் சொல்ல மாட்டார்கள்.

குடிதண்ணீரும் இந்த ஆறுதான். மேலே எத்தனையோ ஆலைகள் இருக்கின்றனவே என்று எனக்கும் முதலில் அருவருப்பு. ஆனால் 1992 முதல் கிளர்வூட்டிய கரிப்படுகை (ஆக்டிவேட்டட் கார்பன்) வழியாக வடிகட்டுகிறார்கள், மேலே ஆற்றோட்டத்தில் ஏதாவது கலந்து வருகிறது என்று தெரிந்தால் குழாய் வாயை மூடிவிட்டுச் சேமிப்பிலிருந்து கொடுக்கிறார்கள். 2014-இல் மேற்கு வர்ஜீனியாவில் ரசாயனம் கொட்டியபோதும், 2023-இல் இதே ஓஹையோவின் ஈஸ்ட் பாலஸ்டைன் ஊரில் ரசாயனம் ஏற்றிய ரயில் தடம் புரண்டபோதும் அப்படித்தான் செய்தார்கள். நான் குழாய்த் தண்ணீர்தான் குடிக்கிறேன்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. சின்சினாட்டி சில்லி என்று பெருமையாக வாங்கிக் கொடுப்பார்கள். மிளகாய் என்று நினைத்து நாக்கைத் தீட்டிக்கொண்டு போனால் ஏமாற்றம். நூடுல்ஸ் மேல் தண்ணீராக ஒரு கறிக் குழம்பு, அதன் மேல் மலை மாதிரி துருவிய மஞ்சள் சீஸ். 1922-இல் மாசிடோனியாவிலிருந்து வந்த சகோதரர்கள் ஆரம்பித்துவைத்தது. வாயில் வைத்தால் காரம் வராது, பட்டையும் கிராம்பும் வாசனை அடிக்கும், யாரோ குருமாவுக்கு அரைத்ததைத் தவறுதலாக ஸ்பகெட்டியில் ஊற்றிவிட்டார்கள் என்று தோன்றும். மூன்று தட்டு சாப்பிட்ட பிறகுதான் எனக்குப் பிடிபட்டது, இப்போது மாதம் ஒருமுறை வேண்டும். த்ரீ வே என்றால் மேலே சொன்ன மூன்றும், ஃபோர் வே என்றால் வெங்காயமோ பீன்ஸோ ஒன்று, ஃபைவ் வே என்றால் இரண்டும். கெட்டா என்று இன்னொன்று, இறைச்சியை ஓட்ஸோடு கலந்து வறுத்தது, கறி குறைவாக வாங்க முடிந்த ஜெர்மானியக் குடும்பங்களின் சிக்கன சமையல். சைவம் என்றால் இரண்டையும் விட்டுவிடுங்கள், கிரேட்டர்ஸ் ஐஸ்கிரீம் போதும்.

மனிதர்கள் மரியாதையானவர்கள், ஆனால் சட்டென்று நெருங்க மாட்டார்கள். பிறந்து வளர்ந்து இங்கேயே இருப்பவர்கள் அதிகம். எந்த ஸ்கூலில் படித்தாய் என்று கேட்டால் கல்லூரியைச் சொல்லாதீர்கள், உயர்நிலைப் பள்ளியைத்தான் கேட்கிறார்கள். அதிலிருந்து மேற்குப் பக்கமா கிழக்குப் பக்கமா என்று கணக்குப் போடுவார்கள். வயதானவர்கள் நீங்கள் சொன்னது காதில் விழவில்லை என்றால் "ப்ளீஸ்?" என்பார்கள், ஜெர்மன் வழக்கத்தின் மிச்சம். நான் முதல் தடவை எதையோ கெஞ்சுகிறார் என்று நினைத்துவிட்டேன்.

வீடு. நகர எல்லைக்குள் 2020 கணக்குப்படி 309,317 பேர்தான், சுற்றுவட்டாரத்தைச் சேர்த்தால் 22 லட்சத்துக்கு மேல். நம்மவர்கள் பெரும்பாலும் வடக்கே மேசன், வெஸ்ட் செஸ்டர், ப்ளூ ஆஷ் பக்கம் இருக்கிறார்கள். பள்ளிக்கூடங்கள் நல்லவை, இந்திய மளிகை பக்கத்திலேயே கிடைக்கும், தமிழ்ச் சங்கம் இருக்கிறது, கிழக்குப் புறநகரில் பெரிய இந்துக் கோயிலும் இருக்கிறது. நகரத்துக்குள்ளேயே வால்நட் ஹில்ஸ் என்ற அரசுப் பள்ளி நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும், கெட்டிக்காரப் பிள்ளை என்றால் முயன்று பாருங்கள். நகர எல்லைக்குள் வேலை என்றால் சம்பளத்தில் 1.8 சதவீதம் நகர வருமான வரி பிடிப்பார்கள். குடியிருக்கும் புறநகரிலும் வரி இருந்தால் எவ்வளவு கழித்துக்கொள்ளலாம் என்பதை முன்பே கேட்டுவிடுங்கள், முதல் வருடம் நான் இதில் மாட்டிக்கொண்டேன். கென்டக்கிக் கரையிலும் வீடுகள் நன்றாக இருக்கும், ஆனால் தினமும் பாலம் தாண்ட வேண்டும்.

பாலங்களில் இரண்டைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று ரோப்ளிங் தொங்கு பாலம், நீல நிறம். புரூக்ளின் பாலத்தை வடிவமைத்த அதே ஜான் ரோப்ளிங் அதற்கு முன் கட்டியது, 1866 டிசம்பரில் நடப்பதற்குத் திறந்தபோது இரண்டே நாளில் 1,66,000 பேர் நடந்து பார்த்தார்களாம். அப்போது உலகத்திலேயே நீளமான தொங்கு பாலம், இரண்டு கோபுரங்களுக்கு நடுவே 1,057 அடி. 1937 வெள்ளத்தில் பல நூறு மைல் தூரத்துக்கு மூடாமல் இருந்தது இது ஒன்றுதான். இதன் தளம் இரும்பு வலை. கார் போனால் ஒரு ரீங்காரம் வரும், தம்பூரா மாதிரி, வேகம் கூடினால் சுருதி ஏறும். ஓரத்து மர நடைபாதையில் நின்றால் காலுக்கடியில் அதிரும். கீழே மூன்று பத்தியாக ஐந்தைந்து பார்ஜ்களைக் கட்டி, பின்னாலிருந்து ஒரே ஒரு படகு தள்ளிக்கொண்டு போகும்; இழுக்காது, தள்ளும். நிலக்கரியும் ஜல்லியும் ஏற்றிய அந்தப் பதினைந்தும் பாலத்தைக் கடந்து முடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகும்.

இன்னொன்று பிரென்ட் ஸ்பென்ஸ், 1963-இல் கட்டிய இரண்டடுக்கு நெடுஞ்சாலைப் பாலம். ஒரு நாளைக்கு 80 ஆயிரம் வண்டிகளுக்காகக் கட்டியதில் இப்போது அதைப்போல் இரண்டு மடங்கு போகிறது, ஓரத்தில் ஒதுங்க இடம் கிடையாது, பக்கத்திலேயே புதுப் பாலத்துக்கு மத்திய அரசு 2022 கடைசியில் 160 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. விமான நிலையத்திலிருந்து வரும் வழி இதுதான். அதனால் வீடு பார்க்க வரும்போது வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு இறங்குகிற விமானத்தை மட்டும் எடுக்காதீர்கள். சனிக்கிழமை காலை வந்தால் அந்த வளைவைத் தாண்டி இருபது நிமிடத்தில் ஊருக்குள் இருப்பீர்கள்.